பூவரசும் காட்டுப்பூவரசும்: போடி மலைச்சரிவில் ஒரு பெயரின் ஏற்றம்

ஆய்வுச் சுருக்கம்

தாழ்நிலத்தில் வளரும் பூவரசும், சோலைக்காடுகளின் விளிம்பில் வளரும் காட்டுப்பூவரசும் தாவர இயல் அடிப்படையில் தொடர்பற்ற இரு மரங்கள். போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலை வழியாக மீசைப்புலிமலை வரை உயரும் சரிவில் முதல் மரம் அடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. அதன் பெயர் மட்டும் உச்சிவரை செல்கிறது. பூவரசு என்னும் பெயர் 'பூவுடைய அரச மரம்' என்னும் பொருளில் தோன்றியது என்பதைச் சொல்லமைப்பு, இனமொழிப் பெயர்கள், லின்னேயசின் பெயரீடு ஆகியவற்றால் இக்கட்டுரை நிறுவுகிறது. 'பூக்களின் அரசு' என்னும் பிற்காலப் பொதுமக்கள் விளக்கம் அடிவார மரத்திற்குப் பொருந்தாவிடினும், மலை மரத்தின் பெயருக்கு அதுவே காரணமாகியிருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஹவாய்த் தீவுகளின் ஓஹியா லெஹுவா மரப்பெயர் இதற்கு ஒப்புமையாகக் காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பூவரசு, காட்டுப்பூவரசு, ஏலமலை, மரப்பெயர், மக்கள் சொற்பிறப்பு, ஓஹியா லெஹுவா.

1. முன்னுரை

தாவரப் பெயர்களை ஆராய்வோர் இருவகைச் சிக்கல்களை எதிர்கொள்கின்றனர். ஒரே தாவரத்திற்குப் பல பெயர்கள் வழங்குவது ஒன்று. ஒரே பெயர் பல தாவரங்களுக்கு வழங்குவது மற்றொன்று. முதல் வகைக்கு நிகண்டு மரபு நெடுங்காலமாகவே இடமளித்து வந்துள்ளது. இரண்டாம் வகை பெரும்பாலும் வழக்குப் பிழையாகவோ வட்டார மயக்கமாகவோ கருதப்பட்டு, 'சரியான' தாவரம் எது என்ற வினாவோடு முடிந்துவிடுகிறது. ஒரு பெயர் ஏன் இரண்டாவது தாவரத்திற்குச் சென்றது, செல்லும்போது அப்பெயருக்கு என்ன பொருள் கொள்ளப்பட்டது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது குறைவு.

பூவரசு என்னும் பெயர் இவ்வினாக்களை எழுப்புவதற்கு ஏற்றது. தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் நன்கறியப்பட்ட மரம் இது. இதன் பெயர் ஆங்கிலத்திற்கும் சென்றுள்ளது, மலைக்கும் சென்றுள்ளது. இரு பயணங்களிலும் பெயர் தன் பழைய பொருளை இழந்து புதிய பொருளைப் பெற்றிருக்கிறது. தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர்ப் பகுதியில் அடிவாரமும் உயர்மலையும் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், இரண்டாவது பயணத்தை ஒரே சரிவில் வைத்து நோக்க முடிகிறது.

2. அடிவாரமும் உச்சியும்

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், கொட்டகுடி ஆற்றுப் பகுதியில் அமைந்த ஊர். ஏலக்காய் வணிகத்தால் பெயர்பெற்றது. இங்கிருந்து மேற்கே கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை பல கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. அதற்கு அப்பால் கேரளத்தின் உடும்பன்சோலை, தேவிகுளம் வட்டங்களைச் சார்ந்த ஏலமலைப் பகுதி விரிகிறது. ஏலச்செடி நிழல் விரும்புவது. ஆதலால் உயர்ந்த காட்டுமரங்களின் கீழேயே ஏலத்தோட்டங்கள் அமைந்தன. வடமேற்கே குரங்கணி, கொழுக்குமலை வழியாக நிலம் மேலும் உயர்ந்து 2,640 மீட்டர் உயரமுள்ள மீசைப்புலிமலையைத் தொடுகிறது. அங்கே ஏலக்காடு இல்லை. புல்வெளியும், பள்ளத்தாக்குகளில் சோலைக்காடும் உள்ளன.

அடிவாரத்தில் தெருவோரத்திலும் வாய்க்கால் கரையிலும் தோட்ட வேலியிலும் நிற்கும் பூவரசு, தாவர இயலில் தெஸ்பீசியா பாபுல்னியா எனப்படுகிறது. பருத்தி, செம்பருத்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சார்ந்தது. இயல்பில் இது கடற்கரை மரம். இதன் காய்கள் கடல் நீரில் மிதந்து தொலைதூரம் செல்லக்கூடியவை. அதனால் இந்தியப் பெருங்கடல், பசிபிக் பெருங்கடல் கரைகளில் இது பரந்து காணப்படுகிறது. உள்நாட்டில் மக்கள் போத்து நட்டு வளர்த்தனர். இலை இதய வடிவில், நுனி கூர்ந்து இருக்கும். பூ மணி வடிவினது. காலையில் மஞ்சளாக மலர்ந்து, மாலைக்குள் செம்மை கலந்த ஊதா நிறமாகி வாடும். பூக்கள் இலைக்கக்கத்தில் பெரும்பாலும் தனித்தனியாகவே தோன்றும். குளிரையும் உறைபனியையும் இம்மரம் தாங்காது. ஆதலால் உயர்மலைக்கு ஏறுவதில்லை.

உச்சியில் நிற்கும் காட்டுப்பூவரசு, ரோடோடென்ட்ரான் ஆர்போரியம் என்னும் இனத்தின் நீலகிரிகம் எனப்படும் உள்ளினம். இமயமலைப் பகுதியில் பரவலாக உள்ள இவ்வினம், இடையிலுள்ள நிலப்பரப்பில் இல்லாமல், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி உயரங்களிலும் இலங்கையின் மலைநாட்டிலும் மீண்டும் தோன்றுகிறது. நீலகிரி, பழனிமலை, மூன்றாறு மலைத்தொடர் ஆகியவை தென்னிந்தியாவில் இதன் வாழிடங்கள். இலை நீண்டு, தோல்போலத் தடித்து, அடிப்புறம் மென்மயிர் கொண்டிருக்கும். தடித்த பட்டை புல்வெளித் தீயிலிருந்து மரத்தைக் காக்கிறது. சிவந்த பூக்கள் கிளைநுனியில் கொத்துக்கொத்தாக மலரும். பூக்கும் பருவத்தில் மரம் முழுவதும் செந்நிறமாகத் தோன்றும். தமிழிலும் மலையாளத்திலும் இதற்குக் காட்டுப்பூவரசு என்னும் பெயர் வழங்குகிறது.

குடும்பம், இலை, காய், பூவின் நிறம், பூ அமையும் முறை, வாழிடம் ஆகிய எதிலும் இவ்விரு மரங்களும் ஒத்திருக்கவில்லை. அப்படியிருந்தும் ஒன்று மற்றதன் 'காட்டு' வகையாகப் பெயர் பெற்றிருக்கிறது. இதனை விளக்க, முதலில் அடிவார மரத்தின் பெயரைப் பகுத்து நோக்க வேண்டும்.

3. பூவரசு: இரு பகுப்புகள்

பூ, அரசு என்னும் இரு சொற்கள் வகர உடம்படுமெய் பெற்றுப் புணர்ந்து பூவரசு ஆயிற்று என்பதில் ஐயமில்லை. ஐயம் தொகையின் பொருளில் உள்ளது. அரசு என்பதற்கு ஆட்சியாளர் என்னும் பொருளும் அரச மரம் என்னும் பொருளும் உண்டு. எனவே இத்தொகையை இருவகையில் விரிக்கலாம். 'பூக்களது அரசு' என விரித்தால் அது ஆறாம் வேற்றுமைத்தொகை. பூக்களுள் சிறந்தது என்பது பொருள். 'பூவை உடைய அரசு' என விரித்தால் அது இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. பூக்கும் அரச மரம் என்பது பொருள்.

முதல் விரிவே இன்று பொதுமக்களிடையே செல்வாக்குப் பெற்றது. பூவரசன், பூவரசி என மக்கட்பெயர்கள் அமைவது இதற்குச் சான்று. ஆண்பால், பெண்பால் ஈறுகளை ஏற்க வேண்டுமாயின் அரசு என்பது மரமாக இருத்தல் இயலாது. ஆள்வோரைக் குறிக்க வேண்டும். பூவுலகின் அரசு என்று மருத்துவச் சிறப்போடு இணைத்து விளக்குவதும் இதே வழியில் எழுந்தது.

ஆயினும் சொல்லமைப்பு இரண்டாம் விரிவையே ஆதரிக்கிறது. தமிழ்த் தாவரப் பெயர்த்தொகைகளில் இறுதியில் நிற்கும் சொல் பெரும்பாலும் முன்பே அறிந்த மற்றொரு தாவரத்தின் பெயராக இருக்கும். முன்னிற்கும் சொல் வேறுபாட்டைச் சுட்டும். மலைவேம்பு, நிலவேம்பு, கீழாநெல்லி, காட்டாமணக்கு என்பன இவ்வமைப்பின. நிலவேம்பு வேப்பமரத்தின் இனமன்று. கசப்பால் வேம்பை ஒத்தது. கீழாநெல்லி நெல்லியை இலையமைப்பால் ஒத்தது. தெரிந்ததைக் கொண்டு தெரியாததைப் பெயரிடும் இம்முறையில் ஒப்புமைக்குரிய பண்பு எதுவென்பது பெயரில் வெளிப்படையாக இராது. கேட்போரின் அனுபவத்திற்கு விடப்படும்.

இவ்வமைப்பில் 'பூ' என்னும் முன்னடை கொண்ட வேறு பெயர்களும் உள்ளன. ஊதாநிறப் பூங்கொத்துகளைக் கொண்ட லேகர்ஸ்ட்ரோமியா மரத்திற்குப் பூமருது என்று பெயர். மருத மரத்தின் பூ சிறியது, கவனத்தை ஈர்க்காதது. அதனோடு ஒப்புமை கொண்டு எடுப்பாகப் பூக்கும் மரம் பூமருது ஆயிற்று. பூவரசும் இத்தகையதே. அரச மரத்தின் பூக்கள் அத்திக்காயைப் போலக் காயினுள்ளே மறைந்திருப்பவை. கண்ணுக்கு அது பூக்காத மரம். அதன் இலையை ஒத்த இதய வடிவ இலையும், கண்ணுக்குத் தெரியும் பெரிய பூவும் கொண்ட மரத்தைப் 'பூவுடைய அரசு' என வேறுபடுத்தியது இயல்பானது.

4. ஒப்பீட்டுச் சான்றுகள்

இப்பகுப்பைப் பிறமொழிப் பெயர்கள் உறுதிப்படுத்துகின்றன. தெலுங்கில் இம்மரம் கங்கராவி எனப்படுகிறது. ராவி என்பது அரச மரத்தின் தெலுங்குப் பெயர். இந்தியில் பாரஸ் பீப்பல் எனப்படுகிறது. பீப்பல் என்பதும் அரச மரமே. தனித்தனி மொழிக்குடும்பங்களைச் சார்ந்த மொழிகள் ஒரே மரத்தை அரச மரத்தோடு ஒப்பிட்டே பெயரிட்டுள்ளன.

ஐரோப்பியத் தாவர இயலும் இதே வழியில் சென்றது. 1753ஆம் ஆண்டு லின்னேயசு இம்மரத்திற்கு ஹிபிஸ்கஸ் பாபுல்னியஸ் என்று பெயரிட்டார். பாப்புலஸ் என்பது அவர் நாட்டு மக்கள் நன்கறிந்த நெட்டிலிங்கம் போன்றுயர்ந்த பாப்லார் மரம். 'பாப்லாரைப் போன்ற' என்பது பெயரின் பொருள். இங்கும் ஒப்புமைக்குரியது இலையே. அரச மரத்தை அறிந்த மக்கள் அரசையும், பாப்லாரை அறிந்தவர் பாப்லாரையும் கொண்டு ஒரே இலையைச் சுட்டினர்.

மலையாளத்தில் பூவரசு என்பதோடு பூப்பருத்தி என்னும் பெயரும் உண்டு. 1678இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவரத் தொடங்கிய ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் நூலின் முதல் தொகுதியில் இம்மரம் 'புபரித்தி' என்னும் தலைப்பில் இடம்பெற்றிருப்பது இப்பெயரின் ஒலிபெயர்ப்பே. இங்கு ஒப்புமை இலையிலிருந்து பூவுக்கு மாறுகிறது. பருத்திப் பூவை ஒத்தது இம்மரத்தின் பூ. ஒப்புமைப் பொருள் மாறினும் 'பூ' என்னும் முன்னடையும் தொகையமைப்பும் மாறவில்லை. பூப்பருத்தி என்பதைப் 'பூக்களின் பருத்தி' என எவரும் விரிப்பதில்லை. பூவரசுக்கு மட்டும் இரண்டாவது விரிவு கிடைத்ததற்குக் காரணம், அரசு என்னும் சொல்லுக்கு மற்றொரு பொருள் இருந்ததே.

இவ்விடத்தில் ஒரு மொழியியல் நுட்பம் கவனிக்கத்தக்கது. தெலுங்கில் அரச மரம் ராவி, மன்னன் ராஜு அல்லது ரேடு. கன்னடத்தில் அரச மரம் அரளி, மன்னன் அரச. தமிழில் மரமும் மன்னரும் ஒரே ஒலிவடிவில் அமைகின்றனர். எனவே கங்கராவி என்னும் தெலுங்குப் பெயரிலிருந்து மன்னர் என்னும் பொருளை வருவிக்க இயலாது. தமிழிலும், பூவரசு என்னும் வடிவம் வழங்கும் அண்டை மொழிகளிலும் மட்டுமே அதற்கு வாய்ப்புண்டு. 'பூக்களின் அரசு' என்னும் விளக்கம் மரத்தின் இயல்பிலிருந்து எழவில்லை; மொழியில் நேர்ந்த ஓர் ஒலியொப்புமையிலிருந்து எழுந்தது.

5. ஆங்கிலத்திற்குச் சென்ற பெயர்

பூவரசின் ஆங்கிலப் பெயர் போர்ஷியா மரம். யூல், பர்னெல் ஆகியோர் தொகுத்து 1886இல் வெளியிட்டு, 1903இல் வில்லியம் குரூக்கின் சேர்க்கைகளுடன் மறுபதிப்புக் கண்ட ஹாப்சன்–ஜாப்சன் சொற்களஞ்சியம், இப்பெயர் தமிழ்ச் சொல்லின் திரிபு என்று குறிக்கிறது. பூவின் மன்னன் என்னும் பொருளையும், பூ என்பதோடு அரச மரம் என்பது சேர்ந்த பகுப்பையும் அப்பதிவு ஒருங்கே தருகிறது. தமிழர் நடுவே இருந்த இரு விரிவுகளும் ஆங்கிலேயர் அகராதிவரை சென்றுள்ளன என்பது இதனால் தெரிகிறது.

ஆங்கிலத்தில் இப்பெயர் அடைந்த வடிவம் கருதத்தக்கது. பூவரசு என்னும் ஒலிக்கு ஆங்கிலத்தில் பொருளில்லை. போர்ஷியா என்பதோ சேக்சுபியரின் வெனிசு வணிகன் நாடகத்தால் ஆங்கிலேயர் நன்கறிந்த பெண்பெயர். அறியாத ஒலி, அதற்கு அணித்தான அறிந்த பெயரோடு ஒன்றிவிட்டது. தமிழர் அரச மரத்தை மன்னராகக் கேட்டதும், ஆங்கிலேயர் பூவரசைப் போர்ஷியாவாகக் கேட்டதும் ஒரே மொழிச்செயலின் இரு வெளிப்பாடுகள். பொருள் விளங்காத அல்லது மங்கிய சொல்லைத் தமக்குத் தெரிந்த சொல்லாக மக்கள் மாற்றிக்கொள்ளும் இச்செயலை மொழியியலார் மக்கள் சொற்பிறப்பு என்பர்.

6. காட்டுப்பூவரசு: பெயரின் காரணம்

மக்கள் சொற்பிறப்பு பொதுவாக ஆய்வாளரால் திருத்தப்பட வேண்டிய பிழையாகவே அணுகப்படுகிறது. காட்டுப்பூவரசு என்னும் பெயர் அவ்வணுகுமுறையின் போதாமையைக் காட்டுகிறது.

'காட்டு' என்னும் முன்னடை பெற்ற பெயர்களில், பின்னிற்கும் தாவரத்தோடு ஏதேனும் ஒரு புலப்படும் ஒப்புமை இருப்பது வழக்கம். காட்டாமணக்கு விதையெண்ணெயாலும் அதன் பேதித்தன்மையாலும் ஆமணக்கை ஒத்தது. காட்டெலுமிச்சை காயாலும் மணத்தாலும் எலுமிச்சையை ஒத்தது. காட்டுப்பூவரசுக்கு இவ்விதியைப் பொருத்தினால் ஒப்புமை தேட வேண்டியுள்ளது. பூவரசின் பெயருக்கு அடிப்படையான இதய வடிவ இலை மலை மரத்திற்கு இல்லை. 'பூவுடைய அரசு' என்னும் முதற்பொருள் வழக்கில் உயிரோடு இருந்த காலத்தில் இப்பெயர் உருவாகியிருந்தால், நீண்டு தடித்த இலையையுடைய மரத்தை அவ்வாறு அழைத்திருக்க முடியாது.

பூவின் மணி வடிவம் இரு மரங்களுக்கும் பொது என்னும் மறுப்பு இங்கு எழலாம். அது ஏற்கத்தக்க மறுப்பே. அவ்வடிவம் துணைக்காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் அதனை முதற்காரணமாகக் கொள்வதில் இரண்டு தடைகள் உள்ளன. பூவரசில் பூ தனித்து நிற்பது, இலைகளுக்கிடையே மறைந்தும் காணப்படுவது, மஞ்சள் நிறமானது. மலை மரத்தில் பூ கொத்தாகி மரத்தையே மறைப்பது, செந்நிறமானது. தொலைவிலிருந்து காண்போர் கண்ணில் படுவது தனிப்பூவின் வடிவமன்று, மரம் முழுவதையும் ஆட்கொண்ட நிறம். மேலும், வடிவ ஒப்புமையே காரணமாயின் பூவரசினும் அணித்தான மணிவடிவப் பூக்களைக் கொண்ட செம்பருத்தி போன்ற செடிகளின் பெயர் இதற்கு முன்வந்திருக்கும். செம்பருத்தி நிறத்தாலும் ஒத்தது.

எஞ்சுவது ஒரே காரணம். மலை மரத்திற்குப் பெயரிட்டவர்கள் பூவரசு என்பதைப் 'பூக்களின் அரசு' என்றே புரிந்திருந்தனர். பனிக்காலத்தின் பழுத்த புல்வெளியில் செம்மலர் போர்த்து நின்ற மரத்திற்கு அப்பொருள் முற்றிலும் பொருந்தியது. அடிவார மரத்தின் பெயரை அவர்கள் அறிந்திருந்தனர். அதனோடு குழம்பாதிருக்கக் 'காட்டு' என்னும் அடையைச் சேர்த்தனர். ஆகவே இங்கு மாற்றப்பட்டது பூவரசு மரத்தின் உருவமன்று. பூவரசு என்னும் சொல்லின் பொருள். அடிவாரத்தில் வரலாற்றுக்குப் புறம்பான விளக்கமாக இருந்த ஒன்று, மலையில் ஒரு பெயரின் உண்மையான பிறப்புக் காரணமாகிவிட்டது.

இப்பெயரை முதலில் வழங்கியவர் மலைவாழ் மக்களா, ஏலத்தோட்டங்களுக்கு ஏறிய சமவெளித் தொழிலாளரா, வனத்துறையினரா என்பது இவ்விளக்கத்தைப் பாதிப்பதில்லை. அவர்கள் யாராயினும் சமவெளிப் பூவரசை அறிந்தவர்கள் என்பதும், அதன் பெயரைப் 'பூ மன்னர்' எனக் கேட்டவர்கள் என்பதும் பெயரிலேயே பதிந்துள்ளன. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் முதலிய அடிவார ஊர்களிலிருந்து தொழிலாளர் மலைத்தோட்டங்களுக்கு அன்றாடம் சென்று திரும்பும் வழக்கம் இன்றும் உண்டு. மனிதர் ஏறி இறங்கும் வழியில் பெயர்களும் ஏறி இறங்குகின்றன.

இலங்கைச் சிங்கள வழக்கு இதற்கு எதிர்ச்சான்றாக நின்று துணைசெய்கிறது. கடற்கரை மரத்திற்கு அங்கே கன்சூரிய என்று பெயர். மலைநாட்டு ரோடோடென்ட்ரானுக்கு 'பெரிய செம்மலர்' எனப் பொருள்படும் மஹரத்மல் என்று பெயர். இரு மரங்களும் அத்தீவில் உள்ளன. எனினும் முதல் பெயர் இரண்டாவது மரத்திற்குச் செல்லவில்லை. கன்சூரிய என்னும் பெயரில் பூவும் இல்லை, மன்னரும் இல்லை. பெயரைக் கொண்டுசெல்லும் பொருள்வாயில் இல்லாதபோது மலை மரம் தன் பூவின் நிறத்தாலேயே நேராகப் பெயர் பெற்றது.

7. பசிபிக் ஒப்புமை

பூவரசு பசிபிக் தீவுகளிலும் உள்ளதால், அங்கு அதன் பெயருக்கு நேர்ந்ததை ஒப்பிடலாம். ஹவாயில் இதற்கு மிலோ என்று பெயர். தாகித்தி முதலிய தீவுகளில் மிரோ. தாகித்தியில் வழிபாட்டிடங்களைச் சூழ்ந்து இம்மரம் நின்றதால், குக் மாலுமியோடு சென்ற சொலாண்டர் 'தெய்வத்தன்மையுடைய' என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு தெஸ்பீசியா என்னும் பேரினப் பெயரை அமைத்தார். 1807இல் அது முறைப்படி வெளியிடப்பட்டது. பொலினீசியர் குளிர்மிக்க நியூசிலாந்தை அடைந்தபோது அங்கே இம்மரம் இல்லை. ஆயினும் மிரோ என்னும் பெயரை அவர்கள் கைவிடவில்லை. மாவோரி மொழியில் அது ஓர் ஊசியிலைக் காட்டுமரத்தின் பெயராயிற்று. மரம் செல்லாத தட்பவெப்பத்திற்குப் பெயர் சென்றது. போடிச் சரிவில் உயரத்தால் நேர்ந்தது அங்கே தொலைவால் நேர்ந்தது.

இன்னும் நெருங்கிய ஒப்புமையைத் தருவது ஹவாய்க்கே உரிய ஓஹியா லெஹுவா. எரிமலைக் குழம்பு உறைந்த நிலத்தில் முதலில் வேரூன்றும் மரங்களுள் ஒன்றான இது, கடற்கரை முதல் உயர்மலைவரை வளர்வது. செந்நிற மகரந்தத் தாள்கள் குஞ்சம்போல் அமைந்த பூக்களையுடையது. லெஹுவா என்பது பூவைச் சிறப்பாகக் குறிக்கும். ஓஹியா என்பது மரத்தைக் குறிக்கும். இந்த ஓஹியா என்னும் சொல்லோ ஹவாயில் தோன்றியதன்று. பிஜியில் கவிக்கா, தாகித்தியில் அஹியா என வழங்கும் சொற்களின் இனச்சொல் அது. அவ்விடங்களில் அது குறிப்பது வேறொரு மரத்தை. இலங்கையிலும் மலேசியாவிலும் தமிழர் ஜம்பு என்றழைக்கும் பழமரங்களுள் ஒன்றை. அதன் பூவும் செந்நிறத் தாள்களால் ஆன குஞ்சமே. புதிய தீவில் அதை ஒத்த செம்மலரைக் கண்டவர்கள் பழைய பெயரைப் புதிய மரத்திற்கும் வழங்கினர். பின்னர்ப் பழமரத்தை வேறுபடுத்தும் தேவை எழுந்தபோது அதற்கு 'உண்ணத்தக்க ஓஹியா' எனப் பொருள்படும் ஓஹியா ஆய் என்னும் பெயர் அமைந்தது.

இரு நிகழ்வுகளிலும் ஒற்றுமையும் வேற்றுமையும் உண்டு. தாழ்நிலத்து அறிந்த மரத்தின் பெயர், மலையின் செம்மலர் மரத்திற்குச் செல்வது ஒற்றுமை. ஹவாயில் பெயரைக் கொண்டுசென்றது பூக்களுக்கிடையேயான கண்ணுக்குத் தெரியும் ஒப்புமை. ஏலமலையில் கொண்டுசென்றது சொல்லுக்குள் கேட்ட பொருள். அடை சேரும் திசையும் வேறுபடுகிறது. தமிழில் பழைய மரம் பெயரை அடையின்றி வைத்துக்கொண்டது. புதிய மரம் 'காட்டு' என்னும் அடையைப் பெற்றது. ஹவாயிலோ பழைய மரமும் அடை பெற நேர்ந்தது. மலைக்காடுகளில் பேரளவில் நின்ற ஓஹியா லெஹுவா அப்பெயரின் முதல் உரிமையாளராகவே கருதப்படும் நிலையை அடைந்தது இதற்குக் காரணமாகலாம். தமிழ்வழக்கில் காட்டுப்பூவரசு உயர்மலையோடு ஒடுங்கியதால் அத்தகைய நிலை வரவில்லை.

8. ஆய்வுமுறைக்குரிய பயன்

இப்பெயர் மாற்றத்தை அறிவது சொல்லாய்வோடு நிற்பதன்று. பூவரசின் பட்டையும் இலையும் தோல்நோய்களுக்கு மருந்தாகச் சித்த மருத்துவத்தில் பயன்படுபவை. ரோடோடென்ட்ரான் பேரினத்தின் பல இனங்களில் கிரயனோடாக்சின் எனப்படும் நச்சுப்பொருள் உண்டு. அவற்றின் இலையும் தேனும் தீங்கு விளைத்தமை பல நாடுகளில் பதிவாகியுள்ளது. ரோடோடென்ட்ரான் ஆர்போரியத்தின் இதழ்களை இமயமலை மக்கள் பானமாக்கிப் பருகுகின்றனர் என்பது உண்மையே. ஆனால் பூவரசுக்குரிய பயன்பாடுகளை மலை மரத்தின் இலைக்கும் பட்டைக்கும் பொருத்துவதற்கு அது சான்றாகாது. மலைப்பகுதியில் தொகுக்கப்படும் மருத்துவக் குறிப்பொன்றில் 'பூவரசு' என்று மட்டும் இருந்து, தொகுப்பாளர் அகராதியைக் கொண்டு அதற்கு இருசொற் பெயரை இணைத்துவிட்டால், ஒரு மரத்தின் பயன் மற்றொரு மரத்தின் மேல் ஏறிவிடும்.

ஆகவே நாட்டார் தாவரப் பெயர்களைப் பதிவுசெய்வோர் மூன்று செய்திகளைப் பெயரோடு சேர்த்துக் குறித்தல் வேண்டும். முதலாவது, பெயர் பெறப்பட்ட இடத்தின் உயரமும் நிலவகையும். இரண்டாவது, தாவரத்தின் இலை, பூ, காய் பற்றிய விளக்கம். இயன்றால் உலர்தாவர மாதிரி. மூன்றாவது, பெயருக்குத் தகவலாளர் தாமே தரும் விளக்கம். மூன்றாவது பெரும்பாலும் விடுபடுகிறது. சொல்லின் வரலாற்றை அறியாதவர் கூறும் காரணம் ஆய்வுக்கு உதவாது என்னும் எண்ணமே அதற்குக் காரணம். காட்டுப்பூவரசைப் பொறுத்தவரை, அத்தகைய காரணமே பெயரின் திறவுகோலாக அமைந்துள்ளது.

பழந்தமிழ்த் தாவரப் பெயர்களை இன்றைய இனங்களோடு இணைத்துக் காண்போருக்கும் இது பொருந்தும். ஒரு பெயர் இன்று எம்மரத்தைக் குறிக்கிறதோ அம்மரமே அன்றும் குறிக்கப்பட்டது எனக் கொள்வதற்கு முன், அப்பெயரின் பொருள் இடையில் வேறாகப் புரிந்துகொள்ளப்பட்டதா, அவ்வாறு புரிந்துகொண்டவர்கள் அதை வேறொரு நிலத்திற்குக் கொண்டுசென்றனரா என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும். திணைமாற்றம் நிகழும் இடங்களில், குறிப்பாகக் குறிஞ்சியும் மருதமும் நெருங்கும் மலையடிவாரங்களில், இதற்கான வாய்ப்பு மிகுதி.

9. முடிவுரை

பூவரசு என்னும் பெயர், அரச இலையும் கண்ணுக்குத் தெரியும் பூவும் கொண்ட மரம் என்னும் பொருளில் தோன்றியது. பூமருது, பூப்பருத்தி ஆகிய தமிழ், மலையாளத் தொகைகளும், கங்கராவி, பாரஸ் பீப்பல் ஆகிய பிறமொழிப் பெயர்களும், லின்னேயசின் பாபுல்னியசும் இதனை உறுதிசெய்கின்றன. அரச மரத்திற்கும் மன்னருக்கும் தமிழில் ஒரே சொல் அமைந்ததால் 'பூக்களின் அரசு' என்னும் இரண்டாம் பொருள் எழுந்தது. ஆங்கிலத்தில் அப்பெயர் போர்ஷியா ஆனது. மலையில் காட்டுப்பூவரசு ஆனது.

சொற்பிறப்பு ஆய்வில் ஒரு விளக்கம் சரியா தவறா என்னும் வினாவோடு, அவ்விளக்கம் வழக்கில் என்ன செய்தது என்னும் வினாவையும் கேட்க வேண்டியுள்ளது. போடியின் வாய்க்கால் கரையில் நிற்கும் மரத்திற்குப் பொருந்தாத பொருள் ஒன்று, மீசைப்புலிமலையின் புல்வெளி விளிம்பில் நிற்கும் மரத்திற்குப் பெயராகியுள்ளது. அவ்வகையில் காட்டுப்பூவரசு என்னும் பெயர், தமிழர் பூவரசு என்னும் சொல்லை எவ்வாறு கேட்டனர் என்பதற்கு எஞ்சியிருக்கும் சான்றாகும்.